வெறும் தண்ணீர்த் தட்டு

7.3.94, திங்கள்

முட்டை இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் வெள்ளையாகிச் செத்துப் போனவை பதினெட்டு. மோசமில்லை.

தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதுகிற கிராணி தங்கராஜு, பைப் பழுது பார்க்க வந்தவர், ஜன்னல் வழியே தலையை விட்டு, "ஏம்பா மீன் டாக்டர், பழைய ஆஸ்பத்திரியில மனுஷனுக்கு வைத்தியத்த நிறுத்திட்டு இப்ப மீனுக்கா?" என்றார். வாரத்துக்கு ஒரு தடவை இதே கேள்வி. என்னால் முடிந்த பொறுமையோடு சொன்னேன். இந்த சீப்ரா மீன் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஆனால் முட்டை கண்ணாடி மாதிரி. உள்ளே குஞ்சு வளர்வது அப்படியே தெரியும். மறுநாளே இதயம் துடிக்கும், மூன்றாம் நாள் பொரிந்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரையைக் கர்ப்பிணி விழுங்கினால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும்? அதை மனுஷியிடம் சோதிக்க முடியாது. அதனால் மாத்திரையைக் கரைத்து மீன் முட்டையை அதில் போட்டுப் பார்க்கிறோம். அவ்வளவுதான்.

முழுதும் கேட்டுவிட்டு, "வறுத்தா எப்படி இருக்கும்?" என்றார்.

இந்தத் தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் இன்னும் எத்தனை வருஷமோ.

8.3.94, செவ்வாய்

கண்ட்ரோல் 50-ல் 48 பிழைத்தது. மாத்திரை குறைவு, 50-ல் 41. மாத்திரை அதிகம், 50-ல் 12. எல்லாம் எதிர்பார்த்தபடி.

கண்ட்ரோல் என்றால் ஒன்றும் கலக்காத வெறும் தண்ணீர்த் தட்டு. அதில் குஞ்சுகள் பிழைத்தால்தான் மற்றத் தட்டுகளில் செத்ததற்கு மாத்திரை காரணம் என்று சொல்லலாம். வெறும் தண்ணீரிலேயே செத்தால் மொத்தச் சோதனையும் குப்பை. இதைப் பஞ்சாலையிடம் இன்று விளக்க வேண்டியிருந்தது. தட்டு, கண்ணாடிச் சாமான் கழுவுகிற பெண். பதினோரு வருஷம் இதே தோட்டத்தில் களையைக் கருக்குகிற புல் மருந்து அடித்து, கை நகம் கறுத்து உதிர ஆரம்பித்தபோது ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் ரோஹானி பார்த்து இங்கே தினக்கூலிக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷம் ஆகிறது. நகம் இப்போது திரும்ப முளைத்திருக்கிறது.

"அப்ப ஒண்ணும் போடாத தட்டுதான் முக்கியமான தட்டா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அத ஏன் தம்பி இவ்வளவு கோவமா சொல்றீங்க?"

நான் கோபமாகச் சொல்லவில்லை. என் குரலே அப்படித்தான்.

10.3.94, வியாழன்

தண்ணீர் ஆறவைக்கிற ஃபைபர் தொட்டி விரிசல் விட்டுவிட்டது. காலையில் வந்தால் தரையெல்லாம் குளம். பைப் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் பூராவும் திறந்துவைத்தால்தான் போகும். அப்படியே ஊற்றினால் மீன் மல்லாந்துவிடும். கே.எல். தலைமை ஆபீசுக்குப் போன் போட்டேன். ஃபாரம் நிரப்பி அனுப்பு, புதுத் தொட்டி வர மூன்று மாதம் ஆகும் என்கிறான்.

மூன்று மாதம். மீனிடம் போய்ச் சொல்லட்டுமா?

11.3.94, வெள்ளி

தங்கராஜுவிடம் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் ஸ்டோரிலிருந்து நீல டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். இருநூறு லிட்டர், மூடியோடு. பஞ்சாலை சாம்பலும் புளியும் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். வெயிலில் கவிழ்த்துவைத்தாள். மத்தியானம் நானே தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். வாடை இல்லை. ரெக்கார்ட் புத்தகத்தில் 'தண்ணீர்க் கலன் மாற்றம். சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வேலை முடிந்தது.

14.3.94, திங்கள்

ஹரி ராயா, நோன்புப் பெருநாள். டாக்டர் ரோஹானி கோலா பிலாவில் வீட்டோடு இருக்கிறார். அங்கிருந்து நேரே ஒரு மாதம் ஆஸ்திரேலியா, ஏதோ கோர்ஸ். நான் இங்கே மீனுக்குத் தீனி போடுகிறேன்.

17.3.94, வியாழன்

கண்ட்ரோல் 50-ல் 39.

எண்ணியது தப்பா? திரும்ப எண்ணினேன். 39.

18.3.94, வெள்ளி

மிச்சம் இருந்ததில் இன்னும் ஐந்து போச்சு. பிழைத்தவற்றிலும் பாதிக்கு வால் வளைந்திருக்கிறது. இதயத்தைச் சுற்றி நீர் கோத்து, குஞ்சு பலூன் மாதிரி உப்பியிருக்கிறது. மாத்திரைத் தட்டில் பார்க்க வேண்டியதை வெறும் தண்ணீர்த் தட்டில் பார்க்கிறேன்.

22.3.94, செவ்வாய்

புது முட்டை, புதுத் தட்டு. கண்ட்ரோல் 50-ல் 36.

ஹீட்டர் பார்த்தாச்சு, இருபத்தெட்டு டிகிரி. தீனி மாற்றியாச்சு. குளோரின் சோதித்தாச்சு, இல்லை. கிழட்டு மீன்களை ஒதுக்கி இளசுகளை ஜோடி சேர்த்தாச்சு. தெரிந்தது எல்லாம் பண்ணியாச்சு. ஜூனில் எனக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டும். இந்த நம்பரைக் காட்டினால் நிரந்தரமாக வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள்.

25.3.94, வெள்ளி

பிடித்துவிட்டேன். கழுவிக் கவிழ்த்த தட்டில் சோப்பு வாடை.

சோப்புப் போடவே கூடாது, வெந்நீர் மட்டும் என்று முதல் நாளே சொன்னது. சுவரில் மூன்று மொழியில் எழுதி ஒட்டியும் இருக்கிறது.

"தட்டுல எண்ணெப் பிசுக்கு இருந்துச்சு தம்பி. கொஞ்சூண்டு போட்டு நல்லா அலசிட்டேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு தடவ."

"ரெண்டுன்னு சொன்னா பத்துன்னு அர்த்தம்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு வெந்நீர்ப் பக்கம் போய்விட்டாள். ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

28.3.94, திங்கள்

தலைமை ஆபீசுக்கு எழுதிவிட்டேன். ஆய்வுக்கூட விதியை மீறினார், சோதனை பாழானது, வேறு ஆள் தேவை. டாக்டர் வரும்வரை காத்திருக்கலாம்தான். ஆனால் காத்திருந்து காத்திருந்துதான் இந்த நாட்டில் எதுவும் உருப்படுவதில்லை.

4.4.94, திங்கள்

தொட்டிக்கு மூன்று மாதம். ஆளை நிறுத்த ஒரு வாரம். கடிதம் வந்துவிட்டது.

பஞ்சாலையிடம் மலாயில் வாசித்துத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஏப்ரனை மடித்து மேசையில் வைத்தாள். வாசலில் நின்று திரும்பி, "ரெண்டு தடவதான் போட்டேன் தம்பி. பொய் சொல்லணும்னா போடவே இல்லன்னு சொல்லியிருப்பேன்ல?" என்றாள்.

எங்கே போவீங்க என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"எங்க போவேன்? காலைல பெரட்டுக்குத்தான். மருந்து கேங்ல எப்பவும் ஆள் பத்தாது."

பெரட்டு என்றால் விடிகாலை ஆறு மணிக்கு மண்டோர் என்கிற மேஸ்திரி பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. என் அப்பா முப்பது வருஷம் நின்ற வரிசை.

6.4.94, புதன்

நானே கழுவுகிறேன். வெந்நீர் மட்டும். கண்ட்ரோல் 50-ல் 33.

பழைய சோப்பு இன்னும் ஒட்டியிருக்கும்.

11.4.94, திங்கள்

எல்லாத் தட்டும் புதுசு. பெட்டியிலிருந்து பிரித்து எடுத்தது. சோப்பைக் கண்ணால்கூடப் பார்க்காத தட்டு.

50-ல் 31.

14.4.94, வியாழன்

வருஷப் பிறப்பு. தோட்டத்துக் கோயிலில் கூட்டம். பஞ்சாலை பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். இரண்டு கை விரலிலும் துணி சுற்றியிருந்தது. நான் தூணுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். தீபாராதனை எனக்குத் தெரியவில்லை.

அவள் போய்ப் பத்து நாள். கண்ட்ரோல் 50-ல் 30. அப்போது இருந்ததைவிட மோசம்.

அப்புறம் யார் காரணம்? நான் மட்டும்தானே இருக்கிறேன் இங்கே.

18.4.94, திங்கள்

டாக்டர் வந்தார். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி, "மாக்சிக் மானா?" அத்தை எங்கே என்று மலாயில். பஞ்சாலையை அவர் எப்போதும் 'மாக்சிக்' என்றுதான் சொல்வார். நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. "தண்ணீர் வருகிற வழியை எனக்குக் காட்டு. முதலிலிருந்து" என்றார்.

குழாயைக் காட்டினேன். அங்கிருந்து டிரம்மில் நிரப்பி ஒரு நாள் ஆறவைக்கிறோம். டிரம்மிலிருந்து வாளி, வாளியிலிருந்து தொட்டி, தட்டு.

டிரம் பக்கத்தில் நின்றார். "இதில் முன்பு என்ன இருந்தது?"

"புல் மருந்து."

எத்தனை மணி பஸ்ஸில் வந்தாய் என்று கேட்டால் பதில் சொல்வோமே, அப்படித்தான் சொன்னேன்.

டாக்டர் என்னையே பார்த்தார். நான், "கழுவினது டாக்டர், மூணு தடவை" என்றேன். அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க, "எங்க வீட்லயே ரெண்டு இருக்கு. இங்க லயத்துல எல்லா வீட்லயும் இருக்கு. அதுல பிடிச்சுதான் சமைக்கிறோம், குடிக்கிறோம்" என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "குடிக்கிறீர்கள்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தியமாக அப்போதுதான்.

டவுனில் வளர்ந்த எவனும் அந்த டிரம்மைப் பார்த்ததும் கேட்டிருப்பான். தங்கராஜுவுக்குத் தோன்றவில்லை, பஞ்சாலைக்குத் தோன்றவில்லை. சரி, அவர்கள் படிக்கவில்லை. நீ? மூன்று வருஷம் பாலிடெக்னிக், டிப்ளோமா, சுவரில் மூன்று மொழியில் நோட்டீஸ். எங்களுக்கு அந்த டிரம் என்றால் தண்ணீர் டிரம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 11 டிரம் வந்தது. மார்ச் 17 குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. ரெக்கார்ட் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கம். ஒரு மாதமாகப் புரட்டுகிறேன்.

22.4.94, வெள்ளி

ஒரே ஜோடி மீன், ஒரே நாள் முட்டை, ஒரே குழாய்த் தண்ணீர். கண்ணாடி ஜாடியில் ஆறவைத்த தண்ணீரில் 50-ல் 48. டிரம்மில் ஆறவைத்ததில் 50-ல் 29.

பிளாஸ்டிக் மருந்தை உறிஞ்சிவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்குகிறது என்கிறார் டாக்டர். சாம்பல் தேய்த்தால் மேல்தோல்தான் சுத்தமாகும்.

23.4.94, சனி

ஊருக்கு, கோலா கிளாவாங்குக்குப் போன். கடைக்காரர் அம்மாவைக் கூப்பிட்டுவர இருபது நிமிஷம்.

"அம்மா, அந்த ரெண்டு நீல டிரம்மையும் தூக்கிப் போடு."

"எதுக்குடா? நல்லாத்தான் இருக்கு."

"மருந்து டிரம்மும்மா. தண்ணில விஷம் இறங்குது."

"உன்ன அந்தத் தண்ணி ஊத்தித்தான்டா வளத்தேன். நல்லாத்தானே இருக்க? கோவம் மட்டும்தான் கூட."

தூக்கிப் போடுகிறேன் என்று கடைசிவரை சொல்லவில்லை. அடுத்த வாரம் நானே போய்ப் போட வேண்டும்.

25.4.94, திங்கள்

வேலை முடிந்த பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்குப் போனேன். பஞ்சாலை வாசலில் உட்கார்ந்து விரல் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம்தான் ஆகிறது. இரண்டு நகம் ஓரத்தில் கறுத்திருக்கிறது.

டிரம் விஷயம் முழுக்கச் சொன்னேன். பிளாஸ்டிக் எப்படி உறிஞ்சும், எப்படிக் கக்கும், எல்லாம்.

"அப்ப சோப்பு இல்ல."

"சோப்பும் தப்புதான். ஆனா அது காரணமில்ல."

"தம்பி மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, பாடம் நடத்த வந்தீங்களா?"

"கேக்கத்தான் வந்தேன்" என்றேன்.

"அப்ப கேளுங்க."

கேட்டேன். அதற்குள் பக்கத்து வீட்டு நீலாவதி வேலி ஓரமாக வந்து நின்றுவிட்டார். "கொஞ்சம் சத்தமாக் கேளு தம்பி, எனக்குக் காதுல விழல" என்றார். வெட்கமாக இருந்தது. இரண்டாவது தடவையும் கேட்டேன்.

பஞ்சாலை சிரிக்கவில்லை. அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு நீல டிரம், மேலே தட்டு, தட்டின் மேல் செம்பு. "இதுவும் அப்படியா?"

"பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப பாருங்க."

ஒரு போத்தலில் மொண்டு கொடுத்தார். நீலாவதி தன் வீட்டுத் தண்ணீரையும் கொண்டுவந்தார். நான் தனியாகக் கேட்டிருந்தால் எவரும் கதவைத் திறந்திருக்க மாட்டார்கள். பஞ்சாலையே வரிசையாகக் கூட்டிப் போனார். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு போத்தல். ஒன்பது டிரம் தண்ணீர், மூன்று சிமெண்டுத் தொட்டித் தண்ணீர்.

29.4.94, வெள்ளி

சிமெண்டுத் தொட்டி மூன்றும் நன்றாக இருக்கிறது. டிரம் ஒன்பதில் ஆறு கெட்டது. அதிலும் ஆக மோசம் பஞ்சாலை வீடு, 50-ல் 22. பழைய டிரம் நன்றாக இருக்கிறது, புது டிரம்தான் கெட்டது. அவர் வீட்டு டிரம் தீபாவளிக்கு வாங்கியது.

சாயங்காலம் வந்து பார்க்க வேண்டும் என்றார். மைக்ராஸ்கோப்பில் உட்காரவைத்தேன். முதலில் கண்ணாடி ஜாடித் தட்டு. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை என்றார். அப்புறம் மூச்சை இழுத்தார்.

"துடிக்குது தம்பி."

"ஆமா. அது இதயம்."

"இம்புட்டூண்டா?"

அடுத்து அவர் வீட்டுத் தட்டு. வளைந்த வால், உப்பிய வயிறு. ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"மனுஷாளுக்கும் இப்படித்தானா?"

"தெரியாது. மீனுக்கு இப்படி ஆகுதுன்னு மட்டும்தான் சொல்ல முடியும். மனுஷனுக்கு ஆகும்னும் சொல்ல முடியாது, ஆகாதுன்னும் சொல்ல முடியாது."

"எனக்கு மூணு தங்கல" என்றார். எந்தக் குழந்தையும் இல்லாத வீடு என்று தெரியும். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

அவர் எழுந்து, பழக்கத்தில் தட்டுகளை எடுத்துக் கழுவுகிற தொட்டிப் பக்கம் கொண்டுபோனார். இப்போது அது தன் வேலை இல்லை என்று பாதி வழியில் நினைவு வந்து மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

3.5.94, செவ்வாய்

பஞ்சாலையைத் திரும்ப எடுக்கச் சொல்லித் தலைமை ஆபீசுக்குக் கடிதம் போனது. டாக்டரும் நானும் சேர்ந்து எழுதியது. 'தண்ணீர்க் கலன் பொருத்தமற்றது எனக் கண்டறியப்பட்டது.' யார் கொண்டுவந்தது, யார் சரி என்றது, எதுவும் இல்லை. டாக்டர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினார். நானும் சும்மா இருந்தேன்.

9.5.94, திங்கள்

தோட்டத்து மேனேஜர் கூப்பிட்டார். லயத்துத் தண்ணீரைச் சோதிக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது? நாங்கள் டிரம் கொடுப்பது தர்மத்துக்கு. ஆய்வுக்கூடக் கட்டடம் தோட்டத்துச் சொத்து, ஞாபகம் இருக்கட்டும்.

நம்பரைக் காட்டினேன். பேப்பரைத் தொடவில்லை. ஆனால் மத்தியானமே ஸ்டோரில் உத்தரவு: காலி டிரம்மை ஓட்டை போட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

நல்லது நடந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் லயம் வழியாக மோட்டார் சைக்கிளில் வந்தேன். நீலாவதி மறித்தார். "எங்க மச்சினன் வீட்டுக்கு ஒரு டிரம் கேட்டிருந்தேன், ஓட்ட போட்டுட்டாங்களாம்! பைப்பு காலைல ரெண்டு மணி நேரம்தான் வருது. தண்ணிய உன் சட்டப் பையிலயா பிடிச்சு வைக்கிறது, மீன் டாக்டர்?"

மோட்டாரை ஸ்டார்ட் செய்து நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

11.5.94, புதன்

தலைமை ஆபீஸ் பதில். கலன்களைக் கழுவுவது அந்தத் தொழிலாளியின் வேலை என்று ரெக்கார்டிலிருந்து தெரிகிறது. ஆகவே நீக்கம் சரியே. வேறு விளக்கம் இருந்தால் மே 31-க்குள் தரவும். இல்லாவிட்டால் அந்த வேலையிடமே ரத்து.

டாக்டர் இரண்டு தடவை படித்தார். "நீ எழுதினால் மாறும். டிரம் கேட்டது நீ, சரி என்று கையெழுத்துப் போட்டது நீ. ஆனால் உன் நிரந்தரக் கடிதமும் ஜூனில் அதே மேசைக்குத்தான் போகும். நான் உன்னை எழுது என்றும் சொல்ல மாட்டேன், எழுதாதே என்றும் சொல்ல மாட்டேன்."

அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

13.5.94, வெள்ளி

எழுதவில்லை.

14.5.94, சனி

கோலா கிளாவாங் போய் வந்தேன். இரண்டு டிரம்மையும் கோடாரியால் பிளந்தேன். அப்பாவுக்குக் கோபம். புதுசாக இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வாங்கிக் கொடுத்த பிறகு பேச ஆரம்பித்தார். வேலை நிரந்தரம் எப்போது என்றார். ஜூன் என்றேன். பெண் வீட்டார் அதற்காகத்தான் காத்திருக்கிறார்களாம். சரி.

17.5.94, செவ்வாய்

எழுதவில்லை. தப்பு செய்தால் ஒத்துக்கொள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். முதல் வரியைக்கூட எழுத வரவில்லை. இத்தனைக்கும் அவரைப் பற்றிய கடிதத்தை ஒரு மத்தியானத்தில் எழுதி முடித்தேன்.

19.5.94, வியாழன்

லுக்குட் டவுனுக்குப் போகிற வழியில், தோட்டத்து இருபத்திரண்டாம் நம்பர் காட்டு ஓரம் மருந்து கேங். பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக, முதுகில் பம்பு, வாயில் துணி. எல்லாரும் ஒரே மாதிரி முக்காடு. யார் யார் என்று தெரியாது. கடைசியில் ஒருவர் நின்று, பம்பை இறக்கி, கையுறையைக் கழற்றி விரலை ஊதிக்கொண்டார். மண்டோர் ஏதோ கத்தினான். திரும்பக் கையுறை, திரும்பப் பம்பு.

பஞ்சாலையா என்று தெரியவில்லை. மோட்டாரை நிறுத்திப் பார்க்கவும் இல்லை. யாராக இருந்தால் என்ன?

20.5.94, வெள்ளி

எழுதிவிட்டேன். ஆறு வரி. டிரம் வேண்டும் என்று கேட்டது நான். அதில் புல் மருந்து இருந்தது என்பது எனக்குத் தெரியும். மோந்து பார்த்துச் சுத்தம் என்று எழுதியது நான். அந்தத் தொழிலாளி நான் சொன்னதைச் செய்தார். அவர் மீது நான் எழுதிய புகார் தவறு. சோப்பு இரண்டு தடவை மட்டும்.

கடைசி வரி தேவையில்லை என்றார் டாக்டர். இருக்கட்டும் என்றேன்.

25.5.94, புதன்

விசாக தினம். லீவு. பதில் இல்லை.

30.5.94, திங்கள்

பதில் இல்லை. டாக்டர் போன் செய்தார். அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறாராம்.

31.5.94, செவ்வாய்

நாலே முக்காலுக்கு ஃபேக்ஸ். வேலையிடம் ரத்தாகவில்லை. தொழிலாளி பஞ்சாலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், தினக்கூலி, ஜூன் 6 முதல். கீழே எனக்கு ஒரு பத்தி. தகுதிகாண் காலம் இன்னும் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது. கலன்கள் விஷயத்தில் கவனக்குறைவு.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? பெண் வீட்டார் இன்னும் ஓராண்டு காத்திருப்பார்களா?

முதலில் லயத்துக்குப் போய்ச் சொன்னேன். பஞ்சாலை ஃபேக்ஸை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "வர்றேன். ஆனா இனி நீங்க தட்டு மோந்து பாத்துட்டுக் கத்துற வேல வேணாம். நான் கழுவ மாட்டேன்" என்றார்.

"கழுவத்தானே வேலை?"

"டாக்டரம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

6.6.94, திங்கள்

டாக்டர் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கழுவுவது நான். கெட்ட முட்டை பொறுக்குவது, குஞ்சு எண்ணுவது பஞ்சாலை அக்கா. "உன்னைவிட அவருக்குப் பொறுமை அதிகம்" என்கிறார் டாக்டர். இதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டாம்.

தங்கராஜு ஜன்னலில் தலையை விட்டார். நான் தொட்டியில் கை விட்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "அடடே, மீன் டாக்டருக்கு புரோமோஷனா?" என்றார். ஓட்டை போட்ட டிரம்களை அடுக்க இடமில்லாமல் அவருக்கு என் மேல் கடுப்பு.

லயத்தில் நான்கு வீட்டார் லுக்குட்டில் புதுத் தொட்டி வாங்கியிருக்கிறார்கள். மற்ற வீடுகளில் அதே டிரம். அக்கா தன் வீட்டு டிரம்மில் கருவேப்பிலைக் கன்று வைத்துவிட்டார். இலையை நான் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

27.6.94, திங்கள்

கண்ட்ரோல் 50-ல் 47.

இன்று முதல் இதயத் துடிப்பு எண்ண வேண்டும். பதினைந்து விநாடிக்கு எத்தனை என்று. ஸ்டாப்வாட்ச் என் கையில், மைக்ராஸ்கோப் அக்கா கையில்.

"முப்பத்தஞ்சு."

நான் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து எண்ணினேன். முப்பத்து மூன்று. "முப்பத்து மூணு அக்கா" என்று சொல்லி எழுதிவிட்டேன்.

"திரும்ப எண்ணுங்க தம்பி. இது உங்க அவசரத்துக்குத் துடிக்காது."

திரும்ப எண்ணினேன். அழித்துவிட்டு முப்பத்தைந்து என்று எழுதினேன்.